சீர்த்தட்டுல வந்த டின்னுங்க

என் வூட்டுக்காரரு பால் ஊத்துறவரு. மொபட்டுல ரெண்டு பக்கமும் கேன் கட்டிக்கினு, சுத்துப்பட்டுக் கொல்லைங்கள்ல கறக்கற பால வாங்கி, பாதிய எங்க தெருவுல ஊத்திட்டு, மீதியக் கொண்டுபோய் சங்கராபுரத்துல ஊத்துவாரு. அப்படிப்பட்டவரோட பொண்ணுக்குப் பால் ஆவாதுன்னு சேலத்து டாக்டரு சொன்னப்ப எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அழுவ வேண்டிய எடத்துல சிரிக்கிற புத்தி எனக்குச் சின்ன வயசுல இருந்தே உண்டு. டாக்டரு பேனாவ மூடி வெச்சிட்டு என்னையே பாத்தாரு. வூட்டுக்காரரு என் முழங்கையக் கிள்ளுனாரு.

அதுக்கு முன்னாடி நடந்ததச் சொல்லிடறேன். பிரசவம் ஆன மூணாவது வாரத்துல எனக்குக் காய்ச்சல் வந்து, கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில இருபது நாளு கெடந்தேன். எழுந்து வந்தப்ப மார்ல ஒரு சொட்டுப் பாலு இல்ல. கருவாடு தின்னேன், பூண்டு தின்னேன், யார் யாரோ சொன்ன கீரையெல்லாம் தின்னேன், ஒண்ணும் எடுபடல. அப்பதான் எங்க செவல மாடு கன்னு போட்டிருந்துச்சு. "என் பொண்ணுக்குன்னே கன்னு போட்டிருக்குது பாரு"ன்னு அவருக்கு ஒரே பெருமை. அந்தப் பாலத்தான் தண்ணி கலந்து காய்ச்சிப் புகட்டுனோம்.

நாலு நாளுகூட ஆவல. குடிக்கிறதும் கக்குறதுமா ஆயிடுச்சு. வாயச் சுத்தி செவசெவன்னு தடிச்சுது. அப்புறம் ஒரு நாளு துணிய மாத்தறப்போ பாத்தா ரத்தம். மாட்டுப் பால நிறுத்திட்டுக் கடை டின்னு வாங்கிக் குடுத்தோம், அதுவும் பால்ல செஞ்சதுதானே, அதே கதி. சோயாவுல செஞ்ச மாவு ஒண்ணு இருக்குதுன்னாங்க, அதுக்கும் அதேதான். நாலாவது மாசம் பொறக்கறப்போ என் பொண்ணு பொறந்த எடையில இருந்து எதுவுமே ஏறல. தூக்குனா கையில துணி மட்டும் இருக்கற மாதிரி இருக்கும்.

சேலத்து டாக்டரு ஒரு மாவு எழுதிக் குடுத்தாரு. பால்ல இருக்கற சத்தயே பொடிப்பொடியா ஒடைச்சு, ஒடம்புக்கு அது பாலுன்னே தெரியாதபடி செஞ்சிருப்பாங்களாம். ஒரு வயசு வரைக்கும் இதுதான் சாப்பாடு, நடுவுல கஞ்சி, காயி எல்லாம் பழக்கலாம், பாலு மட்டும் நான் சொல்ற வரைக்கும் கண்ணுலகூடக் காட்டாதீங்கன்னாரு. ஆட்டுப் பாலுன்னு கேட்டேன். அதுவும் கூடாதுன்னுட்டாரு.

மருந்துக் கடையில வெலையச் சொன்னப்ப, தப்பான சீட்டப் பாத்துச் சொல்றாங்கன்னு நெனச்சு, மறுபடியும் கேட்டேன். அதே வெலதான். ஒரு டின்னு வெலைக்கு எங்க வூட்டுல பத்து நாளு அடுப்பு எரியும். அந்த டின்னு என் பொண்ணுக்கு நாலு நாளு வரும்.

ஆனா குடிச்சா. மொத பாட்டில அவ குடிச்சு முடிச்சிட்டுக் கக்காம தூங்குனப்ப, நான் ஒரு மணி நேரம் அசையாம ஒக்காந்திருந்தேன். மூணாவது டின்னுல வாயிலிருந்த தடிப்பு அடங்கிடுச்சு. அஞ்சாவது டின்னுல தொடையில ஒரு மடிப்பு விழுந்துச்சு. அந்த மடிப்ப நானும் அவரும் மாத்தி மாத்தித் தொட்டுப் பாத்துக்கினு இருந்தோம், பைத்தியக்காரங்களாட்டம்.

அந்த மடிப்புக்குத்தான் என் கம்மல் போச்சு, மூக்குத்தி போச்சு, கன்னுக்குட்டி போச்சு. ஒரு கரண்டி மாவக் கம்மி பண்ணா ஒரு நாளு கூட வருமேன்னு ரெண்டு மூணு தடவ என் கை டப்பாகிட்டயே நின்னுடுச்சு. பண்ணல. அவ மொகத்தப் பாத்துக்கினு எப்படிப் பண்றது? கடைசியா மிச்சம் இருந்தது செவல மாடு ஒண்ணுதான். அத்த வித்தா எங்க வூட்டுக் கறவையே போச்சு. மாடு போனா அப்புறம் அவரு கொல்லை கொல்லையா அடுத்தவங்க பாலுக்கு மட்டும்தான் அலையணும்.

இதுல இன்னொரு தொல்லை. இந்த விஷயத்த நாங்க யாருகிட்டயும் சொல்லல. ஏன்னு கேளுங்க. பால்காரன் பொண்ணு, அவன் வூட்டு மாட்டுப் பாலையே குடிச்சு, ரத்தமா போனாள்னு தெருவுக்குத் தெரிஞ்சா, மறுநாளு யாரு வூட்டு வாசல்ல சொம்பு வெப்பாங்க? பாலுல குத்தம் இல்ல, பொண்ணு ஒடம்புதான் ஏத்துக்கலன்னு நாங்க வூடு வூடாப் போயி வெளக்கிக்கினு இருக்க முடியுமா? அதனால டின்னு வந்த ஒடனே மாவ அலுமினிய டப்பாவுல கொட்டிட்டு, காலி டின்ன நசுக்கிக் கோணிப்பையில போட்டு வெச்சிடுவேன். யாராவது கேட்டா, எங்கம்மா வறுத்து அனுப்புன சத்துமாவுன்னு சொல்லிடுவேன். எதிர்ல நிக்கறவங்க கண்ணப் பாத்தே பொய் சொல்லப் பழகிட்டேன்.

தெரிஞ்ச ஒரே ஆளு என் தம்பி. பெங்களூருல சென்ட்ரிங் வேல செய்யறான். பொண்ணுக்கு ஏழாம் மாசம் மொட்டை போட்டுக் காது குத்தறதுன்னு நாளு குறிச்சோம். தாய்மாமன் மடியிலதானே ஒக்கார வெக்கணும், சீர் எடுத்துக்கினு வரணும். அரைப் பவுன்ல கொழந்தைக்குத் தோடும் செயினும்னு அவன் ஒரு வருஷமா சேத்து வெச்சிருந்தான். நான் போன் போட்டு, "எனக்கு நகை வேணாம்டா, அந்தப் பணத்துக்கு டின்னா வாங்கியா"ன்னேன்.

"இன்னாக்கா சொல்ற? மேளம் அடிச்சுக்கினு தாய்மாமன் டின்னு தூக்கிக்கினு வரணுமா? உங்க ஊரு பங்காளிங்க முன்னாடி என் மானம் இன்னா ஆவறது?"ன்னான்.

"உன் மானத்தக் கரைச்சு பாட்டில்ல ஊத்திப் புகட்டட்டுமா?"ன்னேன்.

படக்குன்னு போன வெச்சிட்டேன். எனக்கு வாய் ஜாஸ்தி. வெச்ச ஒடனே மனசு அடிச்சுக்கும், ஆனா திரும்பிப் போன் பண்ண மாட்டேன். அந்த ரோசத்துலயே பன்னெண்டு நாளு போச்சு. அவனும் பேசல.

காது குத்து அன்னிக்குக் கோயிலாண்ட ஒக்காந்துக்கினு, வருவானா வரமாட்டானான்னு ரோட்டையே பாத்துக்கினு இருந்தேன். மேளச் சத்தம் கேட்டுச்சு. மொதல்ல அவன் பொண்டாட்டி தேங்கா பழத் தட்டு, அப்புறம் லட்டு, துணிமணி, ஒரு சின்ன டப்பாவுல மொளகு அளவுக்கு ஒரு தோடு. அதுக்குப் பின்னாடி வரிசையா பதினோரு தட்டு. ஒவ்வொரு தட்டுலயும் வெத்தல பாக்கு, மஞ்சக் குங்குமம், நடுவுல தங்கக் கலர் ஜிகினாத் தாள் சுத்தி, ரிப்பன் கட்டி, உருண்டையா ஒண்ணு. பாக்கறவங்களுக்கு ஏதோ பெரிய கடை ஸ்வீட்டு டின்னு. எனக்குத்தான் தெரியும் அது இன்னான்னு.

என்னாண்ட வந்து நின்னு, காதோரமா, "பதினொண்ணு இருக்குதுக்கா. தாள் சுத்திட்டேன், யாருக்கும் தெரியாது"ன்னான். அவன் ராத்திரி பஸ்ஸுல அந்த டின்னுங்கள மடியிலயும் காலுக்கடியிலயும் வெச்சுக்கினு தூங்காம வந்திருக்கான், கண்ணு ரெண்டும் செவந்து கெடந்துச்சு. நான் அத்தன பேரு முன்னாடி அவன் தலையில ஒரு குட்டு வெச்சிட்டு அழுதுட்டேன். கூட்டம், அக்கா தம்பி பாசம்னு நெனச்சுக்கினு இருந்திருக்கும். தாளுக்குள்ள இருக்கறது அவங்களுக்குத் தெரியாதே.

பதினோரு டின்னு. நாப்பத்துநாலு நாளு. அதுக்குள்ள கஞ்சி பழகிட்டா டின்னு இன்னும் இழுக்கும், மாட்ட விக்க வேணாம். மொட்டை அடிக்கறப்ப பொண்ணு வீல் வீல்னு கத்துனா. எனக்கு அந்தக் கத்தலு கூட நல்லாத்தான் இருந்துச்சு. கத்தறதுக்கு ஒடம்புல தெம்பு வந்திருக்குதுன்னு நெனச்சுக்கினேன்.

சாப்பாடு முடிஞ்சு எல்லாரும் வூட்டுக்கு வந்தோம். தம்பி ஒடனே கிளம்பிட்டான், மறுநாளு வேலைக்குப் போவணும். வூட்டுக்காரரு பந்தல் சாமான், பாத்திரமெல்லாம் திருப்பிக் குடுக்கப் போயிட்டாரு. காது வலியில பொண்ணு சிணுங்கிக்கினே இருந்தா, உள்ள படுக்க வெச்சு நானும் பக்கத்துல சாஞ்சேன். ரெண்டு நாளு தூக்கமில்லாத ஒடம்பு, கண்ண மூடுனதுதான் தெரியும்.

எழுந்து பாத்தா சாயங்கால வெயிலு வாசல்ல சாஞ்சு கெடக்குது. கூடத்துல என் நாத்தனா, அதான் வூட்டுக்காரரோட அக்கா, காலித் தட்டுங்களக் கழுவி அடுக்கிக்கினு இருந்தாங்க. வடக்கனந்தல்ல இருந்து ரெண்டு நாளைக்கு முன்னாடியே வந்து எல்லா வேலையும் இழுத்துப் போட்டுக்கினு செஞ்சவங்க. கையில ஒண்ணையும் வெச்சுக்கத் தெரியாத மனுஷி.

"அண்ணி, அந்த ஜிகினா டின்னுங்க எங்க?"ன்னேன்.

"பங்கு போட்டுட்டேன்மா"ன்னாங்க, தட்டத் தொடைச்சுக்கினே. "சீர் வந்தா தெருவுக்குக் குடுக்கணும் இல்ல? வூட்டுக்கு ரெண்டு லட்டு, ரெண்டு பழம், ஒரு டின்னு. கணக்கா பதினோரு வூடு. தாய்மாமன்னா உன் தம்பி மாதிரி இருக்கணும், தெருவே வாயப் பொளக்குது."

எங்க பக்கம் அப்படித்தான். சீர்த்தட்டுல வந்த திங்கற பண்டத்த வூட்டுலயே பூட்டி வெச்சிக்கினா, கஞ்சம்னு பேரு வாங்கிடுவோம். அவங்க செஞ்சதுல ஒரு தப்பும் இல்ல. தப்பு என்னுது. அஞ்சு மாசமா அவரு கூடப் பொறந்தவங்ககிட்ட கூட மறைச்சு வெச்சேனே, அந்தத் தப்பு. "ஐயோ அண்ணி"ன்னு நான் அலறுன அலறல்ல அவங்க கையில இருந்த தட்டு கீழ விழுந்துச்சு. விஷயத்தச் சொன்னேன். அவங்க அப்படியே சொவத்துல சாஞ்சு, "எனக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? நான் இன்னா அந்நியமா?"ன்னு வாயில முந்தானைய வெச்சுக்கினாங்க. அவங்ககிட்ட பொண்ணப் பாத்துக்கச் சொல்லிட்டு தெருவுல எறங்குனேன்.

மொத வூடு பெட்டிக்கடைக்காரம்மா வூடு. டீக்கும் சேத்து தெனம் ஒண்ணரை லிட்டரு எங்ககிட்டதான் வாங்குவாங்க. அவங்க காதுல ஒண்ணு போட்டா அடுத்த பஸ்ஸுல அது சங்கராபுரம் போயிடும். நான் அஞ்சு மாசமா பயந்ததே அந்த ஒரு வாய்க்குத்தான். போற வழியெல்லாம் ஒரு பொய்ய ஜோடிச்சுக்கினே போனேன்.

"அக்கா, அந்த டின்னு மாறி வந்துடுச்சாம். தம்பி கடையில திருப்பிக் குடுக்கணுமாம்"ன்னேன்.

அவங்க கடைக்குள்ள இருந்து மெதுவா வெளிய வந்தாங்க. "சீரக் குடுத்துட்டுத் திருப்பிக் கேக்கற வூட்ட இன்னிக்குத்தான் பாக்கறேன். உங்கம்மா வூட்டுப் பழக்கமா இது?"

அம்மா வூட்ட இழுத்ததும் எனக்கு சுருக்குன்னு ஏறிடுச்சு. ஜோடிச்சு வெச்ச பொய்யெல்லாம் எங்கயோ போச்சு. "ஆமாங்க, பழக்கந்தான்! என் பொண்ணுக்குப் பால் ஆவாது. எங்க மாட்டுப் பாலக் குடிச்சு ரத்தமா போனா. அந்த டின்னுல இருக்கறது ஒண்ணுதான் அவ வயித்துல தங்குது. கம்மலு, மூக்குத்தி, கன்னுக்குட்டி எல்லாம் அதுக்குள்ளதான் போச்சு. சிரிக்கணும்னா சிரிங்க, பால நிறுத்தணும்னா நிறுத்துங்க. டின்னக் குடுத்துடுங்க!"

சொல்லி முடிச்ச அப்புறம்தான் இன்னா சொன்னேன்னு எனக்கே ஒறைச்சுது. கடையில ரெண்டு பேரு டீ கிளாச வாயிலயே வெச்சுக்கினு நின்னாங்க. அது எங்க பால்ல போட்ட டீ. எல்லாம் போச்சுன்னு நெனச்சேன்.

அவங்க உள்ள போயி டின்ன எடுத்துக்கினு வந்தாங்க. ஜிகினாத் தாள் கிழிஞ்சு, மூடி தெறந்திருந்துச்சு. "இனிப்புன்னு நெனச்சு ஒரு விரலு நாக்குல வெச்சேன்"ன்னாங்க. "வேப்பங்கொட்டைய அரைச்ச மாதிரி. ரெண்டு தடவ வாய் கொப்புளிச்சேன். இத்தயா அந்தக் கொழந்த குடிக்குது?"

"மிச்சம் வெக்காம குடிக்கும்"ன்னேன்.

அவங்க மூடிய அழுத்தி மூடி, தலமுடியில இருந்த ரப்பர் பேண்ட உருவி மேல மாட்டி, டின்ன என் கையில வெச்சாங்க. அப்புறம் நடுத்தெருவுல போயி நின்னுக்கினு ஒரு கூப்பாடு போட்டாங்க பாருங்க. "ஏண்டி, எல்லாரும் கேட்டுக்கோங்க! சீர்ல வந்த டின்ன யாரும் தொறக்காதீங்க! அது பலகாரம் இல்ல, பால்காரரு பொண்ணோட சோறு! கொண்டாந்து குடுங்க!"

எந்த வாய்க்கு நான் அஞ்சு மாசம் பயந்தேனோ அந்த வாய்தான் அன்னிக்கு எனக்குத் தொணையா ஓடி வந்து நின்னுச்சு. வூட்டுக்கு வூடு பொம்பளைங்க டின்ன எடுத்துக்கினு வெளிய வந்தாங்க. ஒருத்தி ரிப்பனக்கூட அவுக்கல, சாமி படத்தாண்ட வெச்சிருந்தேன்னா. ஒருத்தி, "ஏன்டி இத்தன நாளா சொல்லல? எங்க அக்கா பொண்ணுக்குக் கடலை ஆவாது. அதுக்கு நாங்க கடலைக் கொல்லையவா கொளுத்திட்டோம்?"ன்னு என்னைத் திட்டுனா. என் முந்தானையில டின்னு சேந்துக்கினே வந்துச்சு. எண்ணிப் பாத்தா பத்து. ஒண்ணு கொறையுது.

தெருக் கோடியில ஒரு ஓலைக் குடிச. கல்வராயன் மலையில இருந்து கரும்பு வெட்டறதுக்கு எறங்குன குடும்பம், ரெண்டு வருஷமா இங்கயே தங்கிட்டாங்க. சீருன்னா கடைசி வூடு வரைக்கும் போவணும்னு எங்க நாத்தனா அங்கயும் குடுத்திருக்காங்க. அந்தப் பொண்ணு என் வயசுதான் இருக்கும், ரெண்டு புள்ளைங்க. பெட்டிக்கடை அம்மா குரலு அவ்ளோ தூரம் போவல போல. டின்னுன்னு கேட்டதும் அவ மொகம் சுண்டிப் போச்சு.

"புள்ளைங்க வாயில வெச்சுட்டுத் துப்பிடுச்சுங்கக்கா. கெட்டுப் போன மாவுன்னு நெனச்சுட்டேன். வீணாக்க வேணாம்னு..."

"வீணாக்க வேணாம்னு?"

அவ குடிசைக்குப் பின்னாடி கையக் காட்டுனா. ஒரு வெள்ளாடு, குண்டான நக்கிக்கினு நின்னுச்சு. தவுட்டோட சேத்துக் கரைச்சு வெச்சிருக்கா. மீச முழுக்க என் பொண்ணோட நாலு நாளு.

நான் அவளப் பேசுன பேச்ச இங்க எழுத மாட்டேன். புத்தியில்லையாடி உனக்குன்னுதான் ஆரம்பிச்சேன், அப்புறம் எங்கெங்கயோ போயிட்டேன். நான் மூச்சு வாங்க நின்னப்ப, "ஆட்டுப் பாலு வேணா தெனம் கறந்து தரட்டுங்களா?"ன்னு மெதுவா கேட்டா. "அதுவும் ஆவாதுடி"ன்னு சொல்லிட்டு, அங்கயே கல்லு மேல ஒக்காந்து அழுதேன். அழுதுக்கினே ஆட்டப் பாத்தேன், அது மீசைய நக்கி மோந்துக்கினு இன்னும் கேட்டுச்சு. சிரிப்பு வந்துடுச்சு. சொன்னேனே, என் புத்தி அப்படி. அவளும் பயந்துக்கினே சிரிச்சா.

வூட்டுக்காரரு வந்ததும் நானே சொன்னேன். தெருவுக்கே தெரிஞ்சு போச்சு, என் வாயாலதான் தெரிஞ்சுதுன்னேன். திட்டுவாருன்னு பாத்தேன். அவரு அடுக்கி வெச்சிருந்த பத்து டின்னையும் ஒவ்வொண்ணா தொட்டுப் பாத்துட்டு, "சரி, இனிமே டப்பாவுல கொட்ட வேணாம்"ன்னாரு. அவ்ளோதான்.

மறுநாளு அவரு கேன் கட்டிக்கினு போனதுல இருந்து எனக்கு இருப்புக் கொள்ளல. மொபட்டு சத்தம் கேட்டு ஓடுனேன். ஒரு கேன்ல அடியில பாலு தளும்புச்சு. "மூணு வூடு வேணாம்னுட்டாங்க"ன்னாரு. சொல்லிட்டு, "பெட்டிக்கடையில ரெண்டு லிட்டரா ஊத்தச் சொன்னாங்க. மத்தவங்கல்லாம் சொம்ப நீட்டறப்ப, பொண்ணு நேத்து குடிச்சாளா, தூங்குனாளான்னுதான் கேக்கறாங்க. ஒவ்வொரு வாசல்லயும் நின்னு பதில் சொல்லிக்கினு வர்றதுல நேரம் ஆயிடுச்சு"ன்னாரு. அந்த மூணு வூட்டுல ரெண்டு வூடு ஒரு மாசத்துல திரும்பி வந்துச்சு. ஒரு வூடு வரவே இல்ல. போவட்டும்.

ஆறாவது நாளு மதியம், அந்தக் கோடி வூட்டுப் பொண்ணு வாசல்ல வந்து நின்னா. கையில அந்த டின்னு. சாம்பல் போட்டுத் தேச்சு வெயில்ல காய வெச்சிருந்தா, பளபளன்னு இருந்துச்சு. கனமாவும் இருந்துச்சு. தொறந்து பாத்தா மாவு.

"சாமை மாவு, அக்கா. எங்கம்மா கொல்லையில வெளைஞ்சது. பஸ்ஸேறி மலைக்குப் போயி எடுத்தாந்தேன். கழுவி, வறுத்து, ரெண்டு தடவ சலிச்சிருக்கேன். எங்க புள்ளைங்களுக்கு மொத சோறு இதுதான்." தலையக் குனிஞ்சுக்கினே சொன்னா. "வெறும் டின்ன எப்படித் திருப்பித் தர்றது?"

நான் பேசுன பேச்சுக்கு அவ எங்க வூட்டுப் பக்கமே திரும்பியிருக்கக் கூடாது. பஸ்ஸுக்குக் காசு, ரெண்டு நாளு கூலி போயிருக்கும். நான் அவ கையப் புடிச்சு உள்ள கூட்டிக்கினு போயி ஒக்கார வெச்சேன். மன்னிச்சிடுன்னு சொல்ல வரல, சாப்பாடு போட்டேன். டாக்டருகிட்ட போன்ல கேட்டோம், சாமை தாராளமா குடுக்கலாம், கொஞ்சம் கொஞ்சமா ஆரம்பிங்கன்னாரு. ஒரு கரண்டிக் கஞ்சிய ஆத்தி என் பொண்ணு வாயில வெச்சது அவதான். மொத வாய் நீயே குடுடின்னு கரண்டிய அவகிட்ட குடுத்தேன். பொண்ணு சப்புக் கொட்டுனா. அப்புறம் கரண்டியையே கடிச்சுப் புடிச்சுக்கினா. அன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும் அவ போவல, நானும் அவளும் கொழந்த பக்கத்துலயே ஒக்காந்து அது வாயையும் துணியையும் மாத்தி மாத்திப் பாத்துக்கினு இருந்தோம். ஒண்ணும் ஆவல.

கஞ்சி ஏற ஏற மாவு கம்மியாச்சு. நாலு நாளு வந்த டின்னு ஆறு நாளு, எட்டு நாளுன்னு வந்துச்சு. செவல மாடு எங்க வூட்டுலயே நின்னுச்சு. சாமை டின்னு தீர்றப்பல்லாம் கோடி வூட்டுல இருந்து நெறைஞ்சு வரும். நான் அத்தக் காலியா திருப்பி அனுப்ப மாட்டேன், வெல்லமோ கடலையோ போட்டு அனுப்புவேன். ஆட்டுக்குன்னு சொல்லி தவிடும் அனுப்புவேன். அதுக்கு அவ சிரிப்பா.

ரெண்டரை வயசுல டாக்டரு, இனிமே பாலு பழக்கிப் பாக்கலாம்னாரு. மொதல்ல பாலு சேத்துச் சுட்ட பிஸ்கட்டக் குடுத்துப் பாத்தோம், ஒண்ணும் பண்ணல. அப்புறம் காய்ச்சுன பாலு அரைக் கரண்டின்னாரு. ஊருக்கெல்லாம் ஊத்துனவரு, தன் பொண்ணு வாயில ஒரு சொட்டு வெக்கணும்னு ரெண்டு வருஷமா காத்துக்கினு இருந்தாரு. அன்னிக்கு விடியகாலையில குளிச்சிட்டு வந்து, செவல மாட்டுப் பால அவரே காய்ச்சி, ஆத்தி, கரண்டியில எடுத்துக்கினு அவ முன்னாடி குத்துக்கால் போட்டு ஒக்காந்தாரு.

அவ நாக்க நீட்டி நக்குனா. மொகத்த அஷ்டகோணலா ஆக்குனா. "சீ!"ன்னு கரண்டியத் தள்ளிட்டு, ராத்திரிக்கு மட்டும் இன்னும் குடுத்துக்கினு இருந்த மாவு டின்னு அலமாரியில இருந்துச்சு, அந்தப் பக்கம் கையக் காட்டி, "எம் பாலு குடு"ன்னா.

கசப்பையே குடிச்சு வளந்த நாக்கு, அதுக்கு இனிப்புப் பாலுதான் கெட்ட ருசி. "ஊரே வாங்கிக் குடிக்குது, என் சரக்கு இந்த ஒருத்திகிட்ட மட்டும் போவல பாரு"ன்னு அவரு சிரிச்சாரு. சிரிச்சுக்கினே எழுந்து தோட்டத்துப் பக்கம் போயி, ரொம்ப நேரம் மொகத்தக் கழுவிக்கினு இருந்தாரு.

அந்த அரைக் கரண்டிக்கு ஒரு தடிப்பும் வரல. ஒரு மாசம் சாமைக் கஞ்சியில கலந்து கரண்டி கரண்டியா ஏத்துனோம். ஒரு நாளு காலையில அவரு கேன் கட்டி, மொபட்ட ஸ்டாண்டு எடுத்துட்டுக் கிளம்பறாரு. பொண்ணு தூக்கக் கலக்கத்துல எழுந்து வந்தா. தெருவுல மத்தவங்க செய்யறதத் தெனம் பாக்கறவ இல்லையா, அவளோட சின்ன டம்ளர ரெண்டு கையிலயும் புடிச்சுக்கினு வந்து, கேனுக்கு நேரா நீட்டிக்கினு நின்னா.

அவரு என்னைப் பாத்தாரு. நான் பால் காய்ச்சற குண்டான எடுத்துக்கினு ஓடி வந்து டம்ளருக்குப் பக்கத்துல புடிச்சேன். அவரு கேனத் தொறந்து, கால் லிட்டரு குவளையில தளும்பத் தளும்ப மொண்டு குண்டான்ல ஊத்துனாரு. ஊத்திட்டு, வழக்கமா வாடிக்கைக்குப் போடற மாதிரி அதுக்கு மேல கொசுறா கொஞ்சம் ஊத்துனாரு.

"மொத போணி"ன்னு சொல்லிட்டு வண்டிய மிதிச்சாரு.